ஏட்டில் ஆயிரக்கணக்கில், ஊரில் நாற்பது வீடு: பழனிமலைச் சிற்றூர்களின் மக்கள்தொகையும் போக்குவரத்தும்

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிக்கு அப்பால் உள்ள ஒரு தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏட்டில் எங்கள் கிராமத்தின் பெயருக்கு எதிரே பல ஆயிரம் பேர் என்றும், பேருந்து வசதி உண்டு என்றும் இருக்கிறது. வந்து பார்த்தால் நாற்பது வீடுகளுக்கு மேல் இல்லை. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டியிருக்கிறது. ஏடு பொய்யா? பள்ளிப் பதிவேட்டில் ஊரின் மக்கள்தொகை என்று எதை எழுதுவது? இந்த ஊருக்குச் சாலை வருமா?"

நானும் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். 2001, 2011 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளிலும் கீழ்மலை ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கி எண்ணியவன் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஏடு பொய் சொல்லவில்லை. 'கிராமம்' என்று அது குறிப்பதும், 'ஊர்' என்று நீங்களும் நானும் குறிப்பதும் வேறு வேறு பொருள்கள். குழப்பம் முழுவதும் அங்கிருந்தே பிறக்கிறது.

கணக்கெடுப்பு ஏட்டின் கிராமம் என்பது வருவாய்க் கிராமம். கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் எல்லைக் கல் நட்டுப் பிரிக்கப்பட்ட நிலப்பரப்பு அது. சமவெளியில், சோழவந்தானுக்கோ நிலக்கோட்டைக்கோ பக்கத்தில், ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் ஒரு பெரிய ஊரும் அதை ஒட்டி ஓரிரண்டு காலனிகளும் இருக்கும். ஆகவே ஏட்டின் எண்ணும் கண்ணில் படும் ஊரும் ஓரளவு பொருந்திவிடும். மலையில் நிலம் அளக்கப்பட்ட காலத்தில் காடும் சோலையும் சரிவும் சேர்த்துப் பெரும் பரப்புகளை ஒரே கிராமமாக எழுதிவிட்டார்கள். அதனால் ஒரே வருவாய்க் கிராமத்துக்குள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓர் ஓடையையும் ஒரு மேட்டையும் கடந்து போக வேண்டிய பத்து, பதினைந்து உட்கடை ஊர்கள், அதாவது குக்கிராமங்கள், சிதறிக் கிடக்கின்றன. மாநில அளவிலேயே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உள்ள கிராமங்கள் 15,979. ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கில் உள்ள குக்கிராமங்களோ 79,000க்கும் மேல். சராசரியாகவே ஒரு கிராமத்துக்கு ஐந்து குக்கிராமங்கள் வருகின்றன என்றால், மலையில் நிலைமை எப்படியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நாங்கள் எண்ணியது ஊர் வாரியாகத்தான். ஒரு கணக்கெடுப்புத் தொகுதி என்பது ஏறக்குறைய 600 முதல் 800 பேர் வரை அடங்கிய பகுதி. அதற்குள் எந்தெந்தக் குக்கிராமம் வருகிறது என்று படம் வரைந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் எண் இட்டோம். ஆனால் அச்சிட்டு வெளியாவது வருவாய்க் கிராம மொத்தம்தான். குக்கிராம அளவில் எண்கள் வெளியிடப்படுவதில்லை. ஆகவே உங்கள் ஊரின் நாற்பது வீடுகளும் அந்த ஆயிரங்களுக்குள் எங்கோ இருக்கின்றன. அவற்றைத் தனியே பிரித்துப் பார்க்கும் வழி அச்சான ஏட்டில் இல்லை.

பேருந்து வசதி 'உண்டு' என்று இருப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். கணக்கெடுப்போடு வெளியாகும் கிராம விவர ஏட்டில், ஒவ்வொரு வசதிக்கும் எதிரே அது கிராமத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்று குறிப்பார்கள். இல்லையென்றால் அடுத்து எங்கே கிடைக்கிறது என்பதை 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10 வரை, 10க்கு மேல் என்று மூன்று எழுத்துகளால் குறிப்பார்கள். உங்கள் வருவாய்க் கிராமத்தின் ஏதாவது ஒரு மூலையை ஒரு பேருந்து தொட்டுவிட்டுப் போனாலும் முழுக் கிராமத்துக்கும் 'உண்டு' என்றுதான் பதிவாகும். எதிர்ச் சரிவில் இருக்கும் ஊருக்கு அந்தப் பேருந்தின் ஹாரன் சத்தம் கேட்கலாம். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். 'இல்லை' என்றிருந்தால் எத்தனை தொலைவு என்ற அடுத்த கேள்வியாவது எழும். 'உண்டு' என்றான பின் அதைக் கேட்பார் இல்லை. கிலோமீட்டரும் மலையில் ஏமாற்றும் அளவுதான். மூன்று கிலோமீட்டர் இறக்கம் ஒரு மணி நேரம், அதே மூன்று கிலோமீட்டர் ஏற்றம் தலையில் மூட்டையோடு இரண்டரை மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடையில் வெள்ளம் வந்துவிட்டால் அது எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவு மக்கள் ஏன் இப்படிச் சாலைக்கு எட்டாத இடங்களில் போய்க் குடியிருக்கிறார்கள் என்று சமவெளி நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கேள்வியே தலைகீழானது என்பேன். அந்த ஊர்கள் அமைந்தபோது எங்குமே சாலை இல்லை, நடைபாதைதான் போக்குவரத்து. 1845ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிய நாளிலும், 1875ல் மதுரைக்கு ரயில் வந்து அம்மையநாயக்கனூர்ப் பக்கம் மலைக்குச் செல்வோர் இறங்கத் தொடங்கிய காலத்திலும், மேலே போக விரும்பியவர்கள் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோதான் ஏறினார்கள். வத்தலக்குண்டிலிருந்து மேலேறும் இன்றைய மலைப்பாதை 1914ல்தான் முடிவடைந்து, 1916ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பெரியகுளம் பக்கத்திலிருந்து ஏறும் பழைய நடைபாதைகளில் ஒன்றின்மேல் இருக்கும் வெள்ளகவி, அதுவரை வழியில் இருந்த ஊர். சாலை வேறு சரிவு வழியாகப் போனபின் அது வழி தவறிய ஊராகிவிட்டது. செருப்பணியாமல் நடக்கும் வழக்கத்துக்காக இன்று சுற்றுலாப் பயணிகள் பேசும் அந்த ஊருக்கு, தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் குதிரையில் ஏற்றி அனுப்பியதைச் செய்தித்தாள்களில் நீங்களும் படித்திருப்பீர்கள். தொலைவு என்று நாம் சொல்வது, பெரும்பாலும் சாலை எந்தப் பக்கம் திரும்பியது என்பதன் விளைவு.

நீலகிரியிலும் இதுதான் நடந்தது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வழியாக மேலேறிய பழைய பாதை முதலில் வழக்கில் இருந்தது; பின்னர் குன்னூர் வழியாகச் சாலையும், 1899ல் குன்னூர் வரையும் 1908ல் உதகை வரையும் ரயிலும் வந்தபின் கடைத்தெரு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டன. நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001ல் 7,62,141 ஆக இருந்து 2011ல் 7,35,394 ஆகக் குறைந்தது. மாநிலம் முழுவதும் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த பத்தாண்டில் ஒரு மாவட்டம் இறங்கியதற்குத் தேயிலை விலை வீழ்ச்சியும், கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போனதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. போக்குவரத்து இருந்தால் மக்கள் தங்குவார்கள் என்பது எப்போதும் மெய்யல்ல என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நல்ல சாலை பல சமயம் ஊரைவிட்டுப் போவதையும் எளிதாக்குகிறது.

மீண்டும் உங்கள் ஊருக்கு வருகிறேன். நாற்பது வீட்டின் எண்ணிக்கை கூட அவ்வளவு எளிதானதல்ல. 2011ல் நாங்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினோம். மார்ச் 1 அதன் குறிப்பு நேரம், அதாவது எண்ணிக்கை எந்த நாளின் நிலையைக் காட்ட வேண்டுமோ அந்த நாள். கீழ்மலையில் அது காப்பிப் பழம் எடுக்கும் பருவத்தின் கடைசி. மிளகும் அப்போதுதான் முற்றிக்கொண்டிருக்கும். தோட்டங்களில் தங்கி வேலை செய்யும் வெளியூர்க் குடும்பங்கள் அந்த இருபது நாளும் அங்கேயே இருந்தால் அவர்கள் அந்த ஊரின் மக்கள்தொகையில் சேர்வார்கள். மறுபுறம், வத்தலக்குண்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் விடுதியில் தங்கிப் படிக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடுதியின் கணக்கில் போய்விடுவார்கள். பன்றிமலையிலோ பெரும்பாறையிலோ சாலையோரத்தில் இன்னொரு வீடு வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் படிப்புக்காக மனைவி அங்கேயும், தோட்டத்துக்காகக் கணவன் இங்கேயும் இருக்கும் குடும்பங்களை எங்கே எண்ணுவது என்பதில் எனக்கே தடுமாற்றம் வந்ததுண்டு. விதி தெளிவானது: கணக்கெடுப்புக் காலம் முழுவதும் ஊரில் இல்லாதவர் சேரமாட்டார். ஆனால் வாசலில் நின்று கேட்கும்போது, "இல்லாமல் எங்கே போவார், வந்துவிடுவார் வாத்தியாரே, எழுதிக்கொள்ளுங்கள்" என்று பாட்டி சொன்னால் எழுதாமல் வருவதற்குக் கொஞ்சம் மனவலிமை வேண்டும்.

ஆகவே ஊரின் உண்மையான எண்ணிக்கையை நீங்களே திரட்டுவதே நல்லது. ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது. அங்கன்வாடிப் பணியாளரின் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேடுதான் என் அனுபவத்தில் மிக நம்பகமானது, ஏனெனில் கருவுற்ற பெண்ணும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையும் அதில் பெயர் பெயராக இருக்கும். கிராம சுகாதார செவிலியரிடம் உள்ள பதிவேடு அதைச் சரிபார்க்க உதவும். நியாயவிலைக் கடையின் அட்டை எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது; கூட்டுக் குடும்பம் ஒன்றுக்கு மூன்று அட்டை இருக்கும், ஊரைவிட்டுப் போய்ப் பத்து வருடம் ஆனவரின் பெயரும் இருக்கும். வாக்காளர் பட்டியல் 18 வயதுக்கு மேற்பட்டவரை மட்டுமே காட்டும். ஊராட்சியின் வீட்டு வரிப் பதிவேடு கதவு எண் உள்ள வீட்டை மட்டுமே காட்டும். பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளில் கதவு எண்ணே இல்லாத வீடுகளை நான் கண்டிருக்கிறேன். இவற்றை அடுத்தடுத்து வைத்து, மாணவர்களின் உதவியோடு ஒரு வீடு விடாமல் நடந்து எண்ணினால், கிடைக்கும் எண்ணை எந்த அலுவலரும் எளிதில் மறுக்க முடியாது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மலையூர் ஒன்றுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர் வேண்டும், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 போதும். அங்கன்வாடிக்குச் சமவெளியில் 400 பேர் என்றால் மலையில் 300. 150 பேர் இருந்தால் குறு அங்கன்வாடி. இவ்விரண்டிலும் மலை என்றால் மலைதான், எந்த மாநிலத்தின் மலை என்று யாரும் கேட்பதில்லை. சாலையில் மட்டும் கதை மாறுகிறது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள இணைப்பில்லாக் குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்துக்கும் உதவும் சாலை தருவதாகச் சொன்னது. 250 பேர் போதும் என்ற சலுகையை வடகிழக்கு மாநிலங்கள், இமாச்சலம், உத்தராகண்ட் போன்ற மலை மாநிலங்களுக்கும், பாலைவனப் பகுதிகளுக்கும், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கும் கொடுத்தது. தமிழ்நாடு மலை மாநிலமல்ல. இங்கே ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டரில் இருக்கும் ஓர் ஊர், மாநிலத்தைப் பார்த்துத் தரப்பட்ட சலுகையால், தஞ்சாவூர் வயல்வெளி ஊரோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டுவிட்டது. இது ஓரவஞ்சனை என்று நான் சொல்ல மாட்டேன். வரைந்தவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை மனத்தில் கொள்ளவில்லை என்பதுதான் என் எண்ணம். 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டம் 2011 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு 25,000 குடியிருப்புகளை இணைக்க முனைகிறது. அதிலும் பொது அளவு 500 பேர்தான்.

பழங்குடி ஊர்களுக்கு வேறு வாசல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது பழனிமலைப் பக்கம் திறக்கவில்லை. 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டம், மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என்று பட்டியலிடப்பட்டவர்களின் குடியிருப்பில் 100 பேர் இருந்தாலே சாலைக்கு இடம் தருகிறது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் உள்ளோர் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவினர். பழனிமலையின் பளியரும் புலையரும் அதில் இல்லை. ஒரே வகைக் காடு, ஒரே வகை நடை, நோயாளியை ஒரே வகையாகத் தொட்டில் கட்டித் தூக்கி வருதல் எல்லாம் இருந்தும் கொடைக்கானலில் நிற்பவருக்கு அந்தக் கதவு இல்லை.

உங்கள் ஊருக்கு உதவக்கூடிய ஒரு விதி உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கிராமச் சாலைத் திட்டத்தில் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது, சமவெளியில் 500 மீட்டருக்குள் உள்ள குடியிருப்புகளையும், மலையில் நடைபாதைத் தொலைவாக 1.5 கிலோமீட்டருக்குள் உள்ள குடியிருப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொள்ளலாம். நாற்பது வீட்டுக்குத் தனியாகச் சாலை கேட்டால் கோப்பு அன்றே மூடப்படும். மேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள முப்பது வீடும், ஓடைக்கரையில் உள்ள இருபத்தைந்து வீடும், தோட்டத்து லயன் வீடுகளும் சேர்ந்து எத்தனை என்று பாருங்கள். இவற்றுக்குள் பழைய பகை ஏதும் இருந்தால், அதைத் தீர்ப்பது வாத்தியார் வேலையல்ல என்று ஒதுங்கிவிடாதீர்கள். எந்த ஊரின் முற்றத்தில் சாலை முடிவது என்ற சண்டையில் சாலையே வராமல் போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அடுத்த தடை காடு. உங்கள் ஊருக்கும் தார்ச்சாலைக்கும் இடையில் உள்ள நிலம் பட்டா நிலமாக இருந்தால், உரியவர்கள் ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால் வேலை நடக்கும். காப்பித் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் கொடுப்பார்கள், ஏனெனில் மூட்டைக்குச் சுமைகூலி மிச்சமாகும். வன நிலமாக இருந்தால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அதற்கு விலக்காக, 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், மின்கம்பி, சாலை முதலிய பதின்மூன்று பொது வசதிகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மலைச் சாலைக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் ஏற்றம் 20 மீட்டருக்கு 1 மீட்டர். நெருக்கடியான இடத்தில் இன்னும் கொஞ்சம் செங்குத்தாக விடுவார்கள். உங்கள் ஊர் சாலையைவிட 400 மீட்டர் தாழ்வில் இருக்கிறது என்று கொள்வோம். மனிதன் நேராக இறங்கும் பாதை இரண்டு, இரண்டரைக் கிலோமீட்டர்தான். வண்டி இறங்க வேண்டுமென்றால் 400ஐ இருபதால் பெருக்கி 8 கிலோமீட்டர் நீளத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகளாக மடித்துப் போட வேண்டும். பக்கவாட்டு வடிகாலையும் தடுப்புச் சுவரையும் விட்டுவிட்டு, 6 மீட்டர் அகலம் மட்டும் என்று வைத்தாலும் 8 கிலோமீட்டருக்கு 4.8 ஹெக்டேர் ஆகிறது. சட்டம் தரும் ஒரு ஹெக்டேரில் 1,660 மீட்டர்தான் போட முடியும். ஐந்தில் நான்கு பங்கு பட்டா நிலத்தில் போகும் தடம் அமைந்தாலொழிய இந்தப் பிரிவு உதவாது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 2013ல் 600 சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. வன உரிமைச் சட்டத்தின் அந்தப் பிரிவு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குத்தான் விலக்கு. சரணாலயத்துக்குள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அனுமதிகள் தனி. உங்கள் ஊர் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதை வனச்சரக அலுவலகத்தின் வரைபடத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சாலை போட வேண்டுமா, கூடாதா என்ற வாதத்தில் எனக்கு இரு மனம் உண்டு. மலையை வெட்டிய இடமெல்லாம் மழைக்குச் சரிவதைப் பார்த்தவன் நான். ஆனாலும் பாம்பு கடித்தவரைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இரவில் இறங்கியவர்களின் முன்னால் அந்த வாதத்தைப் பேச எனக்கு வாய் வருவதில்லை. நான்கு அடி அகலத்தில் கல் பதித்த பாதையும், ஓடைகளின் மேல் இரும்பு நடைபாலமும், இருசக்கர வாகனம் வரும் அளவுக்கு வளைவுகளும் அமைந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். முழுச் சாலை கேட்டு இருபது வருடம் காத்திருந்த ஊர்கள் இந்தச் சிறிய வேலையைக் கேட்கத் தவறியதை நான் குறையாகவே சொல்வேன்.

சாலை வந்துவிட்டால் பேருந்து வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பேருந்து திரும்ப இடம் வேண்டும், வளைவில் பின்சக்கரம் இறங்காமல் இருக்க வேண்டும், அதிகாரிகள் கூட்டாக வந்து தடத்தைப் பார்த்து ஒப்ப வேண்டும். அதற்குப் பிறகு வசூல் கணக்கு. காலையில் ஏறுவோரில் பாதிப் பேர் இலவச பாஸ் வைத்திருக்கும் மாணவர்கள். மற்றவர்கள் மூட்டையோடு வருபவர்கள். கீழ்மலையின் உயிர்நாடி இரவு ஹால்ட் பேருந்துதான். மாலையில் மேலே வந்து, ஓட்டுநரும் நடத்துநரும் ஊரிலேயே படுத்து, விடியற்காலையில் இறங்கும் வண்டி அது. அவர்களுக்குத் தூங்க ஓர் அறையும் கழிப்பிடமும் ஊர் தர வேண்டும். தராத ஊர்களில் ஏதாவதொரு காரணம் சொல்லி ஹால்ட் ரத்தாகி, வண்டி காலை ஒன்பது மணிக்கு மேல்தான் வந்து சேரும். ஒன்பது மணிக்கு வரும் பேருந்து பள்ளிக்கும் உதவாது, சந்தைக்கும் உதவாது. ஒரு நாளைக்கு எத்தனை முறை வருகிறது என்பதைவிட முதல் வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று கேட்பதே சரியான கேள்வி. 1997ல் வந்த மினி பேருந்துத் திட்டம் சமவெளிச் சிற்றூர்களுக்குச் செய்த நன்மையை மலைக்குச் செய்யவில்லை. தனியார் முதலாளி டீசலுக்கும் டயருக்கும் கணக்குப் பார்த்தால் மலைத்தடம் அவருக்குக் கட்டாது. அந்த இடைவெளியில்தான் ஜீப்புகள் ஓடுகின்றன. உள்ளே பத்துப் பேர், பின்னே தொங்குவோர் நால்வர், மேலே சவ்சவ் மூட்டை. சட்டப்படி சரியல்ல, ஆனால் அது நின்றுவிட்டால் கீழ்மலையே நின்றுவிடும்.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியபோது சாதாரண நகரப் பேருந்துகளுக்கு மட்டும் என்று இருந்தது. மலையில் அந்த வகைப் பேருந்தே கிடையாது என்பதால் கீழே இறங்கிய பிறகுதான் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்தச் சலுகை. 2024-25 நிதிநிலை அறிக்கையில் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அதன்பின் சந்தை நாளில் பேருந்தில் பெண்கள் கூட்டம் கூடியிருப்பதை நானே பார்க்கிறேன். முன்பு மிளகை வீட்டு வாசலிலேயே வியாபாரியிடம் கொடுத்தவர்கள் இப்போது தாங்களே கொண்டுபோய் விலை கேட்கிறார்கள்.

மருத்துவத்துக்கு ஒரு சொல். 2008 முதல் ஓடும் 108 வண்டி சாலை முடியும் இடம் வரைதான் வரும். அழைக்கும்போது ஊர்ப் பெயரைச் சொல்லாமல் வண்டி வந்து நிற்க வேண்டிய இடத்தின் பெயரைச் சொல்லப் பழக்குங்கள், ஏனெனில் ஒரே பெயரில் மலையில் இரண்டு மூன்று ஊர்கள் உண்டு. கருவுற்ற பெண்களை நாள் நெருங்குவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் இதற்கென்றே இருக்கின்றன. செவிலியரிடம் உள்ள தேதியை நீங்களும் குறித்து வைத்துக்கொண்டால் வீட்டாருக்கு நினைவூட்டலாம்.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பாளராக ஆசிரியர்களையே நியமிப்பார்கள் என்பதால், உங்கள் சரிவு உங்களிடமே வரக்கூடும். தொகுதிப் படம் வரையும்போது குக்கிராமத்தின் பெயரை, ஊர் மக்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே, தனித்தனியாக எழுதுங்கள். 'காலனி', 'தோட்டம்' என்று பொதுவாக எழுதிவிட்டால், பின்னால் எந்த வீடு எந்த ஊருடையது என்று எவராலும் பிரிக்க முடியாது. அதற்கு முன்பாக, நான் மேலே சொன்னபடி நீங்கள் எண்ணியதை ஒரு தாளில் எழுதி, வீட்டுத் தலைவர்களின் கையெழுத்தோடு அடுத்த கிராம சபையில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மலையூர் மக்கள் நடந்து வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் கூட்டம் முடிந்துவிடும் என்பதால், நேரத்தைத் தள்ளி வைக்க ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பள்ளிப் பதிவேட்டில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் எழுதுங்கள்: வருவாய்க் கிராமம், 2011 கணக்கெடுப்பு, இத்தனை பேர் என்று ஒரு வரி, குக்கிராமம், நேரில் எண்ணியது, இத்தனை பேர், எண்ணிய நாள் என்று அதற்குக் கீழே இன்னொரு வரி. போக்குவரத்து என்ற கட்டத்தில் 'உண்டு' என்று எழுதாமல், பேருந்து நிற்கும் இடத்தின் பெயரையும், அங்கிருந்து பள்ளி வாசல் வரை ஏறி வர உங்களுக்கு ஆகும் நிமிடங்களையும் குறித்துவிடுங்கள்.